முன்சக்கரம் சின்னதாக இருக்கும் பழைய டைம் ட்ரையல் சைக்கிள்: பார்த்து வாங்கி, ஓட்டத் தயார்செய்வது எப்படி

முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரியது. மேல்பார் சீட்டிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து இறங்கும், ஹாண்டில்பார் மாட்டுக்கொம்பு மாதிரி முன்னால் நீண்டு நிற்கும், பின்னால் ஸ்போக்ஸே தெரியாமல் ஒரே தட்டாக ஒரு சக்கரம். 1980களில் ஐரோப்பாவில் டைம் ட்ரையலுக்கென்றே செய்த சைக்கிள்கள் இவை. டைம் ட்ரையல் என்றால் கடிகாரத்தோடு போட்டி, ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கிளப்பிவிடுவார்கள், இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றைத் தவிர்க்க வழியில்லை. இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கத்துப் பழைய சைக்கிள் சந்தைகளிலும் இணைய ஏலங்களிலும் இவை இன்னும் வருகின்றன. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வடிவத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டிப் பார்த்து முதுகு வலித்ததும் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். ஓடுவதற்காகச் செய்த ஒரு பொருள் அப்படித் தொங்குவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த சைக்கிளைப் பார்க்கும்போது இரும்பைப் பார்க்காதீர்கள், அதன் மேல் குனியப்போகும் உடம்பைப் பாருங்கள். சமதரையில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நீங்கள் மிதிப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. அந்தக் காற்றில் பெரும்பகுதியை, தோராயமாக முக்கால் பங்கை, தடுப்பது சைக்கிள் இல்லை, உங்கள் உடம்பு. 40லிருந்து 50க்குப் போக வேண்டுமென்றால் காற்றுக்கு மட்டும் கொடுக்கும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. மேல்பாரின் சரிவும் சின்னச் சக்கரமும் கொம்பு ஹாண்டில்பாரும் முதுகைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி, கையை முன்னால் கொண்டுபோவதற்காக வந்தவை. இது புரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை விடுவது, எதை மாற்றக்கூடாது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

ஒரே மனிதரை வைத்து இதைக் காட்டலாம். பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996 செப்டம்பரில் மான்செஸ்டர் வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் ஓட்டத்துக்கான உள்ளரங்க டிராக்கில், ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. ஓட்டினார். கைகளை நேராக முன்னால் நீட்டிப் பறப்பது மாதிரியான நிலை, சூப்பர்மேன் நிலை என்பார்கள். அப்புறம் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ, மணிநேரச் சாதனையை 1972ல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோவில் ஓட்டியது போன்ற சாதாரண சைக்கிளில்தான் செய்ய வேண்டும் என்று விதியை மாற்றியது. 2000 அக்டோபரில் அதே மான்செஸ்டரில் அதே போர்ட்மன், வளைந்த ஹாண்டில்பாரும் உருண்டைக் குழாயும் வைத்த சைக்கிளில் ஓட்டியது 49.441 கி.மீ. மெர்க்ஸின் 49.431ஐ வெறும் 10 மீட்டரில் தாண்டினார். நான்கு வயது கூடியிருந்தது, ஓய்வு பெறும் தறுவாய், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இடையில் இருப்பது கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். அதில் பெரும்பங்கு அவர் உட்கார்ந்த விதத்துக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டியது.

சரி, இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? சைக்கிளைச் சுற்றிக் காற்று வழுக்கிப் போகும்படி ஒரு கூடு மாட்டினால் வேகம் கூடும் என்பது எப்போதோ தெரிந்த விஷயம். 1899ல் சார்ல்ஸ் மர்ஃபி அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ரயிலுக்குப் பின்னால் தண்டவாளங்களுக்கு நடுவே பலகை பரப்பி, ஒரு மைலை 57.8 விநாடியில் ஓட்டினார். முன்னால் போகும் ரயில் காற்றை விலக்கிவிட்டால் ஒரு மனிதக் கால் எவ்வளவு வேகம் கொடுக்கும் என்பதை ஊரே பார்த்தது. 1912ல் எத்தியேன் பூனோ-வாரியா என்ற பிரெஞ்சுக்காரர் டார்பிடோ வடிவக் கூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார், மார்செல் பெர்த்தே அதில் ஓட்டிக் காட்டினார். 1933ல் பெர்த்தே கூடு மாட்டிய வேறொரு சைக்கிளில் மோன்லேரி ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 49.992 கி.மீ. போனார். அதே ஆண்டு பிரான்சிஸ் ஃபோர் சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் மணிநேரச் சாதனையைத் தாண்டினார். 1934ல் யூசிஐ இரண்டையும் சேர்த்து ஒதுக்கியது: கூடு மாட்டக் கூடாது, படுத்து ஓட்டக் கூடாது.

அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் எல்லோருடைய கவனமும் எடையைக் குறைப்பதில் போயிற்று. மெர்க்ஸின் மெக்சிகோ சைக்கிள் 5.75 கிலோ, செயினில்கூட ஓட்டை போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஆல்ஃப் எங்கர்ஸ் என்ற பேக்கரிக்காரர் தன் சைக்கிளில் துளையிட முடிந்த இடத்திலெல்லாம் துளையிட்டு, 1978ல் 25 மைலை 49 நிமிடம் 24 விநாடியில் முடித்தார். நான் ரொம்ப மதிக்கும் ஓட்டம் அது. ஆனால் சந்தையில் ஓட்டை ஓட்டையாக ஒரு செயின்ரிங்கை, அதாவது பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தை, பார்த்து இது ஏரோ (காற்றைக் கிழிக்கும்) சைக்கிள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது எடை குறைக்கும் காலத்துப் பொருள். துளையின் விளிம்பு காற்றைக் கலைக்கத்தான் செய்யும்.

1984 ஜனவரியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் மெக்சிகோ சிட்டியில் 50.808, நான்கு நாள் கழித்து 51.151 கி.மீ. ஓட்டினார். அவர் சைக்கிள் மெர்க்ஸுடையதைவிடக் கனமானது. பேராசிரியர் அந்தோனியோ தால் மோந்தே குழுவோடு சேர்ந்து தட்டுச் சக்கரம், கொம்பு ஹாண்டில்பார், உடம்போடு ஒட்டிய உடை எல்லாம் தயாரானது. தட்டுச் சக்கரம் எப்படி விதியிலிருந்து தப்பியது என்றால், ஸ்போக்ஸ் மேல் மாட்டிய மூடி என்றால் அது கூடு, அதற்குத் தடை. அந்தத் தட்டே சக்கரத்தைத் தாங்குகிறது என்றால் அது சக்கரம். கனத்தைக் கூட்டி வேகத்தையும் கூட்டிக் காட்டியதும் ஐரோப்பா முழுக்க சைக்கிள் செய்கிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியும் இப்படி வினோதமான சைக்கிள்களோடுதான் வந்தது. நீங்கள் இன்று வாங்கப்போவது பெரும்பாலும் இதற்குப் பிந்தைய ஐந்தாறு வருடங்களில் பிறந்த சைக்கிளாக இருக்கும்.

இனி வாங்குவது. முதலில் முன்சக்கரத்தின் அளவைக் கண்டுபிடியுங்கள், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் அதிகம். 24 இஞ்சு அல்லது 26 இஞ்சு சக்கரத்துக்கென்று செய்த பிரேம்கள் இவை. 24 இஞ்சு முன்சக்கரம் பெரும்பாலும் நான்கு பேர் வரிசையாகச் செல்லும் 100 கி.மீ. அணிப் போட்டிக்கும் டிராக்குக்கும் பயன்பட்டது: சக்கரம் சின்னதாக இருந்தால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி ஒதுங்கலாம். சக்கரம் தொலைந்துபோன பிரேம்தான் சந்தையில் அதிகம். விற்கிறவர் கையில் கிடைத்த 700சி என்ற வழக்கமான பெரிய சக்கரத்தையோ நீளமான ஃபோர்க்கையோ போட்டு, பார்வைக்கு முழு சைக்கிளாக நிறுத்தியிருப்பார்.

என் முதல் பிரேம் அப்படித்தான் வந்தது. படத்தில் மேல்பார் தரைக்குச் சமமாக இருந்தது, நானும் ஒழுங்கான பிரேம் என்று நினைத்து வாங்கினேன். ஓட்டியபோது முன்பக்கம் சொன்ன பேச்சு கேட்காமல் அலைந்தது. ஒரு வாரம் ஹெட்செட்டையும் (ஃபோர்க் திரும்பும் இடத்துப் பேரிங்) பால்ரஸையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஃபோர்க்கே வேறு சைக்கிளுடையது, முன்பக்கம் நான்கு விரற்கடை உயர்ந்து ஸ்டியரிங் கோணமே படுத்துவிட்டது. ஆகவே நேரில் பார்க்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். மேல்பார் முன்னோக்கி இறங்குகிறதா? டயருக்கும் ஃபோர்க் மேல்முனைக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி இருக்கிறதா? பிரேக் கட்டை சரியாக ரிம்மின் மேல் விழுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் சக்கரமும் ஃபோர்க்கும் பிரேமோடு பிறந்தவை என்று ஓரளவு நம்பலாம்.

சக்கரம் இல்லாமல் கிடைத்தாலும் மனம் தளர வேண்டாம். 26 இஞ்சு ஒட்டு டயர் (பசை போட்டு ஒட்டும் டயர்) ரிம்முக்குப் பதிலாக 650சி எனப்படும் 571 மி.மீ. ரிம் பெரும்பாலும் பொருந்தும். 24 இஞ்சுக்கு 520 மி.மீ. ரிம்தான் நெருங்கியது. 24 இஞ்சு என்ற ஒரே பெயரில் 507, 520, 540 என்று மூன்று அளவு விற்கிறார்கள், 507 சிறுவர் சைக்கிளுடையது, 540 பெரும்பாலும் சக்கர நாற்காலிக்குப் போவது. இஞ்சைக் கேட்டு வாங்காதீர்கள், டயரில் எழுதியிருக்கும் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

அடுத்தது சீட் போஸ்ட். சாதாரண உருண்டை போஸ்ட் என்றால் சிக்கிக்கொண்டாலும் எண்ணெய் விட்டு, நாலு நாள் ஊறவைத்து, திருகித் திருகி எடுத்துவிடலாம். கண்ணீர்த்துளி வடிவக் குழாயுள்ள பிரேமில் போஸ்டும் அதே வடிவம், திருகவே முடியாது, நேராக இழுக்க மட்டும்தான் முடியும். அது உள்ளே துரு பிடித்து உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. காசு கொடுப்பதற்கு முன்னால் போஸ்டை இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த பிரேமை விட்டுவிடுங்கள், வேறு வரும். இப்படிப்பட்ட குழாயை வேலை ஸ்டாண்டில் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, நசுங்கிவிடும். போஸ்டைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

வியர்வையையும் மறக்காதீர்கள். இந்த நிலையில் ஓட்டுகிறவரின் தலை நேராக, ஹாண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு மேல் இருக்கும், முகத்திலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீரெல்லாம் ஸ்டெம் போல்ட்டிலும் ஹெட்செட்டிலும்தான் விழும். வெளிப்பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் ஸ்டெம்மைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்பாரில் பிரேக் வயர் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே துரு ஓடியிருக்கிறது.

உதிரி பாகங்களில் இரண்டு மூன்று பொறி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 1980களின் தொடக்கத்தில் ஏஎக்ஸ் என்ற ஏரோ வரிசையைக் கொண்டுவந்தது, பாட்டில்கூட தட்டையாக இருக்கும். அதில் டைனா டிரைவ் பெடலுக்கான கிராங்க் (பெடல் மாட்டும் கை) இருந்தால் மரை வழக்கமான 9/16 இஞ்சு இல்லை, அதைவிட ரொம்பப் பெரியது, வேறு பெடல் ஏறாது. பெடலோடு சேர்த்துக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இத்தாலிய நிறுவனமான காம்பக்னோலோவின் டெல்டா பிரேக் பார்க்கவே ஒரு நகை மாதிரி இருக்கும், வயரை இறுக்க 3.5 மி.மீ. ஆலன் சாவி வேண்டும். சாதாரண செட்டில் அந்த அளவு இருக்காது, நான்கைப் போட்டாலும் மூன்றைப் போட்டாலும் போல்ட் தலை கெடும். பிரேக் கட்டையை ரிம்முக்கு ரொம்ப அருகே வைத்து வயரை அமைத்தால்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும்.

கிராங்குகளைத் தாங்கிச் சுற்றும் நடு அச்சின் கப்பைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். இத்தாலிய பிரேம் என்றால் 36 மி.மீ. மரை, இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். ஆங்கில மரை என்றால் செயின் பக்கத்துக் கப்பு இடமரை. எந்த நாட்டு பிரேம் என்று தெரியாமல் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு தள்ளி மரையை அழித்தவர்கள் நிறைய. ஸ்டெம்மும் அப்படித்தான், பெரும்பாலானவை 22.2 மி.மீ., பழைய பிரெஞ்சு சைக்கிளில் 22.0, தட்டி ஏற்றிவிடலாம் என்று பார்க்காதீர்கள். பின்பக்க அகலத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்: பின்னால் 5 பல்சக்கரம் இருந்த காலத்தது 120, 6 அல்லது 7 பல்சக்கரம் என்றால் 126, அதற்குப் பிந்தையது 130 மி.மீ.

தட்டுச் சக்கரத்துக்கு வருவோம், எனக்குப் பிடித்த வேலை இது. சக்கரத்தைக் காதருகே நிறுத்தி, ஒரு நாணயத்தால் நடுவிலிருந்து ரிம் வரை வட்டமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொத்தென்று மங்கினால் அங்கே மேல்தோல் உள்ளிருக்கும் நுரையிலிருந்து விட்டுப்போயிருக்கிறது, அந்தச் சக்கரத்தை ஓட்டாதீர்கள். சில தட்டுகள் முரசுத்தோல் போல இழுத்துக் கட்டியவை, அவற்றில் தளர்ச்சியையும் கிழிசலையும் தேடுங்கள். சாதாரணச் சக்கரமாக இருந்தால் கோட்டம் எடுத்துச் சரிபண்ணிவிடலாம், தட்டில் கோட்டம் விழுந்தால் எடுக்க ஸ்போக்ஸ் இல்லை. சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கு எதிரே எவ்வளவு ஆடுகிறது என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். வால்வு ஒரு சின்னப் பள்ளத்துக்குள் இருக்கும், சாதாரண பம்ப் தலை உள்ளே போகாது, அதற்கென்று வளைந்த குட்டி அடாப்டர் உண்டு, அதை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

டயர் ஒட்டு வகை. பழைய பசையைச் சுரண்டி, புது டயரைப் பசையில்லாமல் ரிம்மில் ஏற்றி ஒரு நாள் காற்றோடு வையுங்கள், இழுபட்டுத் தளரும். பிறகு ரிம்மிலும் டயர் அடியிலும் மெல்லிய பூச்சாகப் பசை தடவி ஒரு இரவு காயவிட்டு, ரிம்மில் இன்னொரு பூச்சு கொடுத்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போது வால்விலிருந்து தொடங்கி இரு கையாலும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே எதிர்முனைக்குப் போய் ஏற்ற வேண்டும். காற்றடித்து, சுற்றி, நேராக்கி, 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். மறுநாள் காற்றை இறக்கிவிட்டுக் கட்டைவிரலால் டயரைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். எங்காவது பிரிந்தால் மறுபடியும் ஒட்டுங்கள். இதில் சமாதானம் வேண்டாம், வளைவில் டயர் கழன்றால் விழுவது நீங்கள். பழைய தட்டுக்கு 100 பவுண்டு காற்று போதும், டிராக்கில் அடிப்பது போல அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

ஹாண்டில்பாருக்கு வரும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள்: 1985 பிரேமில் முழங்கை வைத்து ஓட்டும் நீட்டுக்கம்பியை மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பியின் பெருமை எனக்குத் தெரியும். 1989 ஜூலை 23, டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் மொத்த நேரத்தில் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அவருடைய சைக்கிளில் முன்னும் பின்னும் தட்டுச் சக்கரம், தலையில் ஹெல்மெட் இல்லை, குடுமி காற்றில் பறந்தது. இரண்டாவது இடத்திலிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் முன்சக்கரத்தில் ஸ்போக்ஸ்தான், ஆனால் முழங்கைகள் அந்தக் கம்பிமேல் நெருங்கி அடங்கியிருந்தன. அதை வடிவமைத்த பூன் லென்னன் பனிச்சறுக்குப் பயிற்சியாளர், சறுக்குகிறவர்கள் மடங்கிக் குனியும் விதத்திலிருந்து எடுத்தது. லெமாண்ட் 54.545 கி.மீ. வேகத்தில் வந்து 58 விநாடியைப் பிடுங்கி, 3,285 கி.மீ. ஓடிய போட்டியை 8 விநாடியில் ஜெயித்தார். ஃபின்யோனுக்கு உட்காரும் இடத்தில் புண் வேறு. எல்லாவற்றையும் கம்பியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் சைக்கிளை மட்டும் பார்த்தால் ஃபின்யோனுடையதுதான் அதிக ஏரோ, ஆளோடு சேர்த்துப் பார்த்தால் லெமாண்ட்.

அப்படியென்றால் ஏன் மாட்டக்கூடாது? கொம்புக்காகச் செய்த பிரேமின் முன்பக்கம் ஏற்கெனவே ரொம்பத் தாழ்ந்தது. அதன் மேல் நீட்டுக்கம்பி போட்டால் முழங்கை சீட்டிலிருந்து ஒரு சாணுக்கும் கீழே போய்விடும், கழுத்தைத் தூக்கிப் பாதையைப் பார்க்க முடியாது, மூச்சும் அடைக்கும். கொம்பைக் கொம்பாகவே பிடியுங்கள்: முழங்கையை மடக்கி, முன்கை தரைக்குச் சமமாக வரும்படி, கைகளைக் குறுக்கி. இது தவிர, பழைய அலுமினியக் கொம்பில் டேப்பை முழுக்கப் பிரித்து, ஸ்டெம் பிடிக்கும் இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தால், எவ்வளவு அரிய பொருளானாலும், அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு வேறு மாட்டுங்கள்.

நிலையை எப்படி அமைப்பது? கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்துக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கை வைத்து, தன் கையாலேயே செய்த சைக்கிள், பெயர் ஓல்ட் ஃபெய்த்ஃபுல். மேல்பார் கிடையாது, முழங்கால் இடிக்காமல் இருக்க. கைகளை நெஞ்சுக்கடியில் மடக்கி அதன் மேல் படுத்து ஓட்டுவார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமாரில் முதல் நாள் அதைப் பார்த்து இன்னொருவர் செய்த புது சைக்கிளில் ஓட்டித் தோற்றார், மறுநாள் காலையே தன்னுடைய பழையதில் ஏறி 51.596 கி.மீ. ஓட்டி மோசரைத் தாண்டினார். உடம்பு பழகிய இடம் அவ்வளவு முக்கியம்.

உங்கள் வழக்கமான சைக்கிளில் நடு அச்சிலிருந்து சீட் வரை எவ்வளவு உயரமோ அதையே இதிலும் வையுங்கள். சீட்டை ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் குனியும்போது தொடை வயிற்றில் முட்டும். ஸ்டெம்மை, குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியாத அளவுக்கு மேலே வைத்துத் தொடங்கி, வாரம் அரை சென்டிமீட்டர் மட்டும் இறக்குங்கள். வாரம் ஒருமுறை யாரையாவது பக்கவாட்டிலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் சும்மா நிற்கும்போது வேண்டாம், பத்து நிமிடம் வேகமாக மிதித்துக் களைத்த பிறகு. அப்போது தெரிவதுதான் உங்கள் உண்மையான முதுகு. அது கூனினால் இறக்கியது போதும், ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

இந்த சைக்கிளை இன்றைய யூசிஐ போட்டிகளில் ஓட்ட முடியாது. 2000லிருந்து நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இரு சக்கரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பழைய சைக்கிள் விழாக்களும் காலியான சாலையும் போதும்.

முதல் ஓட்டத்துக்குக் காற்றில்லாத விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் தட்டுச் சக்கரம் இருந்தால் வெளியில் எடுத்துப் போகாதீர்கள், பக்கக் காற்று ஹாண்டில்பாரையே பிடுங்கும். பின்தட்டு மட்டும் என்றால் சமாளிக்கலாம், லாரி கடந்து போகும்போது மட்டும் கையைத் தளர்த்தாமல் வையுங்கள். சின்ன முன்சக்கரம் சட்டென்று திரும்பும், பள்ளத்தில் பெரிதாக இடிக்கும், அதற்குக் கை பழக ஒரு மணி நேரமாவது ஆகும். 30 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, ஸ்டெம் போல்ட், சீட் போல்ட், கிராங்க் போல்ட் மூன்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, கட்டைவிரலால் முன்டயரை மறுபடியும் தள்ளிப் பாருங்கள்.